விருந்துக்கு அஞ்ச வேண்டுமா? நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கான விளக்கம்

நீரிழிவு நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பதாகக் கண்டறியப்பட்ட பின்னர், பலர் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் ஊர்த் திருவிழாவிற்கும் செல்லவே தயங்குகின்றனர். “இலையில் வைப்பதை உண்டால் நோய் முற்றிவிடும், உண்ணாமல் எழுந்தால் வீட்டார் மனம் புண்படும்” என்னும் இருவகை அச்சமே இதற்குக் காரணம். இவ்வச்சத்தைக் கையாளும் முறைகளை, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களின் உணவுப் பழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பக்கம் விளக்குகிறது. பிற கடலோரப் பகுதிகளில் வாழ்வோருக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரைகளை வழங்குகின்றனர். நோய் இருப்பதைத் தம் வீட்டுத் திண்ணையில் முதன்முறையாக அறிந்தவர்கள் ஏராளம். அறிந்தது நன்மையே. ஆனால் அச்செய்தியோடு ஓர் அச்சமும் வீட்டிற்குள் நுழைகிறது.

இவ்வச்சத்தில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. “இனிப்பு வேண்டாம், உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கருவாடு வேண்டாம்” என்று நானும் பல ஆண்டுகள் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். புறநோயாளிகள் வரிசை நீளமாக இருக்கும்போது அதுவே எளிது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் கருவாட்டுக் குழம்பே வீட்டுக்கு வீடு கொதிக்கும் ஊரில், காரணமோ அளவோ கூறாமல் ‘கருவாடு வேண்டாம்’ என்பது, ‘பக்கத்து வீட்டில் கை நனைக்காதே’ என்பதற்கு ஒப்பாகும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

பழவேற்காட்டில் அம்மன் கோயில் ஆடிக் கூழுக்கும், மகிமை மாதா ஆலயத் திருவிழாவிற்கும், இஸ்லாமியக் குடும்பங்களின் நிக்காஹ் விருந்திற்கும் அழைப்பு ஒரே வீட்டிற்கு வருவதுண்டு. இவற்றோடு பதினாறாம் நாள் காரியச் சோறும் உண்டு. இவை எல்லாவற்றையும் தவிர்ப்பவர் உணவை மட்டும் இழப்பதில்லை, ஊரையும் இழக்கிறார்.

ஒரு வேளை உணவும் ஒரு மாத உணவும்

ஒரு மாதத்தில் நீங்கள் உண்ணும் உணவு ஏறத்தாழ 90 வேளை. அவற்றுள் விருந்து ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஹெச்.பி.ஏ.1.சி. எனப்படும் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தச் சர்க்கரையின் சராசரி நிலையைக் காட்டுகிறது. அச்சராசரியைத் தீர்மானிப்பவை வீட்டில் உண்ணும் வேளைகளே. ஒரு விருந்துக்குப் பின் சர்க்கரை சில மணி நேரம் உயரும், பின்னர் இறங்கும். அதனால் கண்ணோ சிறுநீரகமோ ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுக்கு மீறி இருப்பதே உறுப்புகளைப் பாதிக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். வலை பிரிக்கும் இடத்திலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலுமாக நாளொன்றுக்கு நான்கு தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால், நாளுக்குச் சுமார் 32 கிராம் ஆகிறது. மாதத்திற்கு அது ஒரு கிலோவை நெருங்கும். இவரே திருமண வீட்டில் ஒரு ஜாங்கிரியைக் கண்டு நடுங்குகிறார்! உப்பும் அவ்வாறே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நாள்தோறும் ஊறுகாய், அப்பளம், கருவாடு உண்ணும் வீட்டில் இந்த அளவு காலை உணவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அச்சப்பட வேண்டிய இடம் அதுவே.

இதற்கு விலக்குகளும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றவர்களுக்கும், இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கும் உப்பு மிகுந்த ஒரு வேளை உணவே மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றைச் சிறிதளவும் உண்ணக் கூடாது. இவர்களது எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. விருந்துக்குச் செல்லலாம், உண்பது மட்டும் மருத்துவர் வகுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும்.

பந்தியில் அமரும்போது

விருந்து நாளன்று காலை உணவைத் தவிர்த்து வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு செல்லாதீர்கள். பசி மிகுந்தால் அளவு தவறும். மாத்திரை உட்கொண்டிருந்தால் ஆபத்தும் நேரும் (கீழே காண்க). இலையில் பரிமாறியதும் பொரியல், கூட்டு, மீன் அல்லது இறைச்சித் துண்டு ஆகியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்ணுங்கள். காய்கறியும் புரதமும் முதலில் சென்றால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. உணவு மாறவில்லை, வரிசைதான் மாறியது என்பதால் அருகில் இருப்பவர் கண்ணுக்கும் இது தெரியாது.

மடவை, இறால் போன்ற ஏரி மீன்களைக் குறித்து வீண் அச்சம் வேண்டாம். இறாலில் கொழுப்பு அதிகம் என்று பலர் ஒதுக்குகின்றனர். அதில் கொலஸ்ட்ரால் உண்டு என்பது உண்மை. ஆனால் இரத்தக் கொழுப்பைப் பெரிதும் உயர்த்தும் நிறைவுற்ற கொழுப்பு அதில் மிகக் குறைவு. குழம்பில் வெந்த இறாலுக்கும், பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்த இறாலுக்கும் உள்ள வேறுபாடே பெரிது. மீன் குழம்பில் உப்பு பெரும்பாலும் குழம்பில்தான் இருக்கிறது. ஆகவே துண்டை எடுத்துக்கொண்டு, குழம்பைக் குறைவாக ஊற்றச் சொல்லலாம். கருவாடு இதற்கு நேர்மாறு. உப்பு துண்டிலேயே ஊறியிருக்கும். ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் சமைக்கும்போது வெந்நீரில் ஊறவைத்து இருமுறை கழுவினால் உப்பின் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது. அக்குழம்பில் தனியாக உப்பு சேர்க்காதீர்கள்.

ஆடிக் கூழைக் குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. சிலர் அதைத் தொடவே அஞ்சுகின்றனர். வேறு சிலர், கேழ்வரகுதானே என்று சொம்பு சொம்பாக அருந்துகின்றனர். மாவாக அரைத்து, நொய்யும் சேர்த்துக் குழையக் காய்ச்சிய கூழ் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். ஒரு டம்ளர் கூழை முருங்கைக்கீரைப் பொரியலோடு அருந்தி, அன்றைய மதியச் சோற்றை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். பிரியாணியில் இறைச்சியையும் தயிர்ப் பச்சடியையும் கூடுதலாகவும் சோற்றை வழக்கத்தில் பாதியாகவும் கொள்ளுங்கள். பாயசம் இரண்டு கரண்டி போதும்.

நோன்புக் கஞ்சியைக் கூடியிருந்து அருந்துவதில் தடையில்லை. ஆயினும் ரமலான் நோன்பு இருக்க விரும்பும் நீரிழிவு நோயாளிகள், மாத்திரை, இன்சுலின் நேரங்களை மாற்ற வேண்டியிருப்பதால், சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

மறுப்பது எப்படி என்பதே பலருக்கும் உணவை விடப் பெரிய கவலையாக உள்ளது. நீண்ட விளக்கம் தேவையில்லை. இலையின் மேல் கையை வைத்து, “போதும்மா, குழம்பு நல்லா இருக்கு, சோறு மட்டும் வேணாம்” என்று சிரித்த முகத்துடன் கூறினால் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். உண்டதைப் பாராட்டிவிட்டு மறுக்கும்போது பரிமாறுபவருக்கு மனக்குறை எழுவதில்லை. நெருங்கிய உறவினரிடம் முன்னரே நோயைச் சொல்லிவைப்பது மேலும் நன்று. இதைப் படிப்பவர் விருந்து வைப்பவராக இருந்தால் ஒரு வேண்டுகோள்: ஒருமுறை கேளுங்கள், இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். “ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?” என்ற சொல்லும், “உனக்குச் சர்க்கரை ஆச்சே, இதையா தின்கிறாய்?” என்ற சொல்லும் ஒரே அளவு துன்பம் தருபவை.

மதுவைப் பற்றியும் கூற வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்பவரும் சில வகை நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவரும் மது அருந்தினால், குறிப்பாக வெறும் வயிற்றில் அருந்தினால், பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதில் ‘ஒரு நாள் மட்டும்’ என்ற சலுகையை நான் எவருக்கும் தருவதில்லை.

உண்ட பின் பத்து பதினைந்து நிமிடம் மெல்ல நடந்துவாருங்கள். விருந்துக்கு ஈடுகட்டுவதாக எண்ணி அடுத்த வேளையைப் பட்டினி போடுவதோ, மாத்திரையை இரட்டிப்பாக விழுங்குவதோ கூடாது.

படபடப்பா, சர்க்கரைக் குறைவா?

இரவு விருந்தில் ‘தாராளமாக’ உண்ணலாம் என்று எண்ணி, காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, பகல் முழுவதும் எதுவும் உண்ணாமல் ஏரிக்குச் சென்ற மீனவர் ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருக்கிறார். வலை இழுக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, படகிலேயே சாய்ந்துவிட்டார். உடன் சென்ற தம்பி தேநீர்க் குடுவையில் இருந்த இனிப்புத் தேநீரைப் புகட்டியதால் தெளிந்தார். தனியே சென்றிருந்தால் தண்ணீரில் விழுந்திருப்பார். விருந்தில் உண்ட உணவால் இந்த அளவு ஆபத்துக்கு உள்ளான ஒருவரை நான் கண்டதில்லை. விருந்துக்கு அஞ்சிப் பட்டினி கிடந்ததால் உள்ளானவர்களைக் கண்டிருக்கிறேன்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் உணவு தாமதமானால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இது அரிது. திருமண வீட்டில் பந்தி தாமதமாவது புதிதன்று. எனவே உணவுக்கு முன் செலுத்தும் இன்சுலினை வீட்டில் செலுத்திக்கொண்டு புறப்படாமல், உணவு கைக்கு எட்டும் நேரத்தில் செலுத்திக்கொள்வது குறித்து உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டறியுங்கள்.

வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவை மனப்பதற்றத்திலும் தோன்றும், சர்க்கரைக் குறைவிலும் தோன்றும். உணர்வை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். அளவிடும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அது சர்க்கரைக் குறைவு. கருவி இல்லையெனில், மேற்கூறிய மருந்துகளை எடுப்பவர் அதைச் சர்க்கரைக் குறைவாகவே கொண்டு, மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்த வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் அருந்தி, தெளிந்த பின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். படகில் செல்பவர்கள் நீர் புகாத சிறு டப்பாவில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்துக்கொள்வது கட்டாயம்.

அச்சமே நோயாகும்போது

எச்சரிக்கை வேறு, அச்ச நோய் வேறு. அழைப்பு வந்த நாள் முதல் உறக்கம் கெடுதல், பிறர் சமைத்த எதையும் உண்ண இயலாமை, உண்ட பின் வலிந்து வாந்தி எடுத்தல், உணவு வகைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து உடல் மெலிதல், நிகழ்வுகள் அனைத்தையும் தவிர்த்தல் ஆகியவை தொடர்ந்தால் உதவி தேவை. இது மன உறுதிக் குறைவன்று.

கூடையில் மீன் விற்கும் பெண்மணி ஒருவர், நோய் தெரிந்த பின் தம் தங்கை மகளின் திருமணத்திற்கே செல்லவில்லை. சண்டை என்று ஊர் பேசியது. தங்கையும் அவ்வாறே எண்ணினார். அவருக்குப் படிப்படியான பழக்கமே பயன்பட்டது. முதலில் பக்கத்து வீட்டில் சர்க்கரையில்லாத் தேநீர், அடுத்து ஆடியில் அரை டம்ளர் கூழ், அதன்பின் ஒரு காதணி விழாப் பந்தி. ஒவ்வொரு முறையும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்தோம். பொதுவாக அந்நேரத்தில் 180 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பதே இலக்கு. அவரது அளவு ஒருமுறை சற்றுக் கூடியது, மற்ற முறை கூடவில்லை. இரண்டு முறையும் அவர் அஞ்சியது நிகழவில்லை. என் அறிவுரையை விட அந்த எண்களையே அவர் நம்பினார். தங்கையின் வீட்டிற்கு இப்போது செல்கிறார். அங்கே இன்னும் பாயசம் மட்டும் வாங்குவதில்லை. அது அவர் விருப்பம்.

இத்தகைய அச்சம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்; தேவையெனில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பப்படுவீர்கள். வீட்டிலிருந்தே பேச விரும்புவோர் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். மருந்து, உணவு தொடர்பான ஐயங்களுக்கு 104ஐ அழையுங்கள். அழைக்கும்போது உங்கள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருந்தால், எந்த மருந்து என்று கூறுவது எளிதாக இருக்கும்.