விளக்கில் எரிந்த ஒலிவம்

இத்தாலி தேசத்தின் தென்கிழக்குக் கோடியில், இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் சலெந்தோ தீபகற்பத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஒலிவத் தோப்புக்குள் இறங்கி, மரத்தடியில் வலை விரித்து, கைச்சீப்புகளால் கிளைகளைக் கோதிக் காய்களை உதிர்த்து, உச்சிப்பொழுதில் பண்ணை வீட்டாரோடு உட்கார்ந்து போஜனம் செய்து திரும்புவது இப்போது யாத்ரிகர்களுக்குப் பிரியமான வழக்கமாகிவிட்டது. இருமுறை சுட்ட வாற்கோதுமை ரொட்டியைத் தண்ணீரில் ஒரு கணம் நனைத்து, தக்காளியை அறுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்து, உப்புத் தூவி, ஆலையிலிருந்து வந்த புது எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருகிறார்கள். தோலுரித்த ஒருவகை மொச்சையைக் குழைய வேகவைத்து மசித்த கூழும், காட்டில் தானாக முளைக்கும் கசப்புக் கீரையும் உடன் வரும். பச்சை நிறம் மாறாத அந்த எண்ணெய் தொண்டையில் இறங்கும்போது சற்றே காறும். நல்ல எண்ணெய்க்கு அதுவே லட்சணம்.

ஆனால் இந்தப் பூமியில் விளைந்த எண்ணெயில் பெரும்பகுதி, நெடுங்காலம், பிறர் வீட்டு விளக்குகளில்தான் எரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் இத்தீபகற்பத்தின் கல்லிப்போலித் துறைமுகம் (துருக்கியிலுள்ள போர்க்களம் அன்று, இது வேறு) எண்ணெய் வாணிபத்தில் ஐரோப்பா முழுவதும் பிரசித்தி பெற்றிருந்தது. பாறையைக் குடைந்த தொட்டிகளில் தேக்கித் தெளியவைத்த எண்ணெய், பீப்பாய்களில் ஏறி, லண்டனுக்கும் அந்நாளைய ருஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்கும் கப்பலில் போயிற்று. ஆங்கில நாட்டுக் கம்பளி ஆலைகளும் அதை வாங்கின.

அவ்வளவு வெளிச்சத்தையும் உற்பத்தி செய்தவர்கள் இருட்டில் ஜீவித்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. குளிரில் உறைந்துவிடும் சுபாவமுடைய எண்ணெய்க்கு வெதுவெதுப்பு வேண்டியிருந்ததாலும், அப்பிரதேசத்துக் கல் எளிதில் வெட்டுப்படுவதாலும், ஆலைகளைப் பூமிக்கடியில் குடைந்தார்கள். மேலே தெருமட்டத்தில் உள்ள துவாரத்தின் வழியாகக் காய்களைக் கொட்டுவார்கள். கீழே, கண் கட்டப்பட்ட கோவேறு கழுதை, நம் ஊர்ச் செக்குமாட்டைப் போல, பெரிய கல்லைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். அரைபட்ட விழுதை நாணற்புல்லால் பின்னிய வட்டப் பைகளில் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மரத் திருகால் ஆட்கள் சேர்ந்து அழுத்துவார்கள். இலையுதிர் காலத்தில் இறங்கிய மனிதரும் மிருகமும், அகல் புகையும் எண்ணெய்ச் சிக்கும் நிறைந்த அக்குகையிலேயே உண்டு, உறங்கி, வசந்தம் வரை உழைத்தனர். மேலே தோப்புகளிலோ, தானாக விழுந்து கிடக்கும் காய்களை ஸ்திரீகள் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். தரையில் கிடந்து நைந்த காயின் எண்ணெய் உண்பதற்கு ருசியற்றது. விளக்குக்கு அது போதுமாயிருந்தது. மரத்திலிருந்தே பறித்து ஆட்டினால் உயர்ந்த எண்ணெய் கிடைக்கும் என்று கல்லிப்போலி வைத்தியர் ஜியோவன்னி பிரெஸ்தா எடுத்துரைத்தார்; ஒலிவத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1794இல் வெளிவந்தது. இன்று விரிக்கப்படும் வலை அவர் யோசனையின் வெற்றியே என்பது என் துணிபு.

19ஆம் நூற்றாண்டில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் விளக்குகளைக் கைப்பற்றின; துறைமுகம் ஓய்ந்தது; எண்ணெய் அடுக்களைக்குத் திரும்பிற்று. அதன்பின் நேர்ந்த பெருந்துயரம் மரத்துக்கே வந்தது. 2013இல் கல்லிப்போலியை ஒட்டிய தோப்புகளில் 'சைலெல்லா' என்னும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. சாறுறிஞ்சும் சிறு பூச்சிகளால் பரவும் இந்நோய், மரத்துக்குள் நீரோட்டத்தை அடைத்து, பல நூற்றாண்டு வயதான விருக்ஷங்களையும் நின்ற நிலையிலேயே உலர்த்தி, லட்சக்கணக்கில் மாய்த்துவிட்டது. நோயைத் தாங்கும் 'லெச்சினோ' முதலிய ரகங்களை இப்போது நட்டு வருகிறார்கள்.

கல்லிப்போலியில் கிரானஃபெய் மாளிகைக்கு அடியிலுள்ள பழைய ஆலை பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. அறுவடைக்கென்று அத்திசை செல்லும் அன்பர்கள், தோப்பில் உணவுக்கு அமர்வதற்கு முன்பாக, அந்தப் படிகளில் ஒருமுறை இறங்கிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.