நாரி நோவா, டிஸ்க் விலகலா? வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

நாரி நோ என்று வைத்தியரிடம் போகும் எம்மவர்கள் பலர் நாரியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் நாரியில் வரும் டிஸ்க் விலகலைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது கால்தான்.

முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையில் 23 டிஸ்குகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே களி போன்ற மென்மையான பகுதியும் உண்டு. வளையம் கிழிந்து உட்பகுதி பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பை அழுத்துவதையே டிஸ்க் விலகல் என்கிறோம். டிஸ்க் முழுதாக இடம்விட்டு நகர்வதில்லை. நாரியின் கடைசி இரண்டு டிஸ்குகளிலேயே இது அதிகம்.

அறிகுறிகள்

நோ ஒரு பக்கப் பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கும். மின்சாரம் பாய்வது போலவோ சுடுவது போலவோ இருக்கும். இருமினால், தும்மினால், முக்கினால் கூடும். எந்த இடம் விறைக்கிறது என்பதும் முக்கியம். பாதத்தின் மேற்புறமும் பெருவிரலும் விறைத்து, குதிக்காலில் நடக்க முடியாவிட்டால் ஐந்தாவது நாரி நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். சின்னவிரல் பக்கம் விறைத்து, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் அதற்கு அடுத்த நரம்பாக இருக்கலாம்.

பரிசோதனை

வைத்தியர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடிக்காமல் காலை மெல்ல உயர்த்துவார். 30 முதல் 70 பாகைக்குள் நோ காலுக்குக் கீழே பாய்ந்தால் சந்தேகம் வலுக்கும். தசை வலுவையும் உணர்வையும், சிறு சுத்தியலால் தட்டி முழங்கால், கணுக்கால் துடிப்பையும் பார்ப்பார்.

"ஸ்கான் எடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்பது எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் குறை. எக்ஸ்றேயில் டிஸ்க் தெரியாது; எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ஆனால் பெரும்பாலானோருக்கு சத்திரசிகிச்சை இல்லாமலே சில கிழமைகளில் நோ குறையத் தொடங்கும். மேலும், நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 20 வயதினரில் 30 வீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 வீதத்தினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. வங்கிக்கூற்றும் காசேடும் ஒத்துப்போக வேண்டும் என்பது போல, ஸ்கானில் தெரிவதும் காலில் உணர்வதும் ஒத்துப்போனால்தான் அது நோவுக்குக் காரணம் என்று சொல்லலாம். நோ குறையாமல் நீடித்தால், கால் வலுவிழந்தால், அல்லது சத்திரசிகிச்சை பற்றி யோசித்தால் எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை

சிறுநீர் போகாமல் தடைப்படுதல் அல்லது தெரியாமலே போதல், மலத்தை அடக்க முடியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி விறைப்பு, இரண்டு கால்களும் வலுவிழத்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். நாரி நோவுடன் காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றையும் உடனே சொல்லுங்கள்.

இங்கேதான் மொழி குறுக்கே நிற்கிறது. மகனையோ மகளையோ மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, பிறப்புறுப்பு விறைக்கிறது என்று எந்தத் தாயும் தகப்பனும் சொல்லமாட்டார்கள். பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகளில் மருத்துவமனையே இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும். நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். நோ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த விரல் விறைக்கிறது, சிறுநீர் எப்படிப் போகிறது என்ற மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.