சொல் அழிந்தது, கதவு திறக்கவில்லை

வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைச் சந்திக்காத தோழர்கள் நம்மில் குறைவு. இங்கே அது பெரும்பாலும் வாய்ப்பேச்சாக வரும். அமெரிக்காவில் அதைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். பிறகு சட்டம் போட்டு அதைச் செல்லாததாக்கினார்கள். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தது என்ன என்பது நாம் படிக்க வேண்டிய வரலாறு.

கறுப்பின மக்கள் வெள்ளையர் தெருவில் குடியேறத் தடை விதித்த லூயிவில் நகரச் சட்டத்தை 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வழியாகத் தடுக்க முடியாது என்றானதும் வெள்ளை வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடுவது வேகமாகப் பரவியது. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அவர்கள் குடியிருக்கவே கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டு வேலை செய்பவர்கள் மட்டும் தங்கலாம் என்று பல பத்திரங்களில் விலக்கும் இருந்தது. உழைப்பு வேண்டும், ஆள் வேண்டாம். இது நமக்குப் புதிதல்ல. கான்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கோல்ஸ் என்ற மனை வணிகர், இந்த ஷரத்துகள் தானாகவே புதுப்பிக்கப்படும்படி எழுதினார். அவற்றைக் காவல் காக்க வீட்டு உரிமையாளர் சங்கங்களையும் அமைத்தார்.

செயின்ட் லூயிஸில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945இல் ஒரு வீடு வாங்கியது. அந்தத் தெருவில் 1911இலேயே போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் எழுதுவதையே அது தடுக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 7ஆம் நாள், 1968 ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகே, விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவெறி பரவலாகச் சட்டவிரோதமானது.

சங்கங்களோ தொடர்ந்தன. 1960களிலிருந்து காண்டோமினியம் எனும் அடுக்குமாடி வீடுகள் பெருகின. அவற்றின் விதிகளில் நிறம் இல்லை, வாடகைதாரர் இருந்தார். இத்தனை விழுக்காடு வீடுகளைத்தான் வாடகைக்கு விடலாம், வாங்கியவர் முதல் ஆண்டு தானே குடியிருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அவை. இவற்றுக்கு நியாயமான காரணங்களும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உரிமையாளர்கள் போதிய அளவு குடியிருந்தால்தான் அரசு காப்பீட்டுடன் கடன் கிடைக்கும். முதலீட்டாளர்கள் வீடுகளை மொத்தமாக வளைப்பதையும் இவை தடுக்கும்.

ஆனால் சுமை யார் தலையில் விழுகிறது? அமெரிக்காவில் வெள்ளைக் குடும்பங்களில் 100க்கு 70க்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் 50க்கும் குறைவு. அந்த இடைவெளியை வளர்த்ததில் பழைய பத்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு. எனவே வாடகைதாரரைத் தடுத்தால், நிறத்தின் பெயரைச் சொல்லாமலே நிறம் தடுக்கப்படுகிறது.

2022இல் டெக்சாஸின் பிராவிடன்ஸ் வில்லேஜில் ஒரு சங்கம், அரசு வாடகை உதவி பெறுவோருக்கு வீடு விடக் கூடாது என்று விதி போட்டது. அங்கே அந்த உதவி பெற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை கறுப்பினக் குடும்பங்கள். எதிர்ப்பு எழுந்தது, இத்தகைய விதிகளை 2023இல் மாநிலச் சட்டமே தடை செய்தது. கலிபோர்னியாவில் 2021 முதல், வாடகை வீடுகளுக்கான உச்சவரம்பை 25 விழுக்காட்டுக்குக் கீழே எந்தச் சங்கமும் வைக்க முடியாது. நோக்கத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், விளைவு பாகுபாடாக இருந்தால் வழக்குத் தொடரலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

நம் நாட்டில் என்ன நிலை? உறுப்பினர்கள் பார்சிகளாகவே இருக்க வேண்டும் என்ற அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் அமைக்கும் உரிமை அங்கே காரணமாகக் காட்டப்பட்டது. அமெரிக்கா பத்திரத்திலிருந்து நீக்கிய சொல்லை, இங்கே விதிப்புத்தகத்தில் வெளிப்படையாகவே வைத்திருக்க இடமிருக்கிறது.

சட்டம் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊர்க் குடியிருப்புச் சங்கங்களின் விதிகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். சாதி என்ற சொல் அதில் இல்லாமல் போகலாம். அந்த விதியால் வெளியே நிற்பவர்கள் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்போம்.