இரண்டு பட்டனிலிருந்து ஆறு பட்டனுக்கு

1987இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டை வெளியிட்டபோது, அதன் ஒரு வகை இயந்திரத்தில் குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாக இரண்டே பெரிய பட்டன்கள். ஓங்கி அடித்தால் திரையிலும் பலத்த அடி; மெல்லத் தட்டினால் லேசான அடி. யோசனை என்னவோ அருமைதான். ஆனால் காசு போட்டவர்கள் இயந்திரத்தையே எதிரியாக நினைத்துச் சாத்தினார்கள். கையும் வலித்தது, பட்டனும் தாங்கவில்லை.

மாற்றாக நிலைத்தது ஆறு பட்டன் பலகை.

1991இல் வந்த இரண்டாம் பாகம்தான் கூட்டத்தைச் சேர்த்தது. தோற்றத்தைப் பார்த்தாலே ஆட்டம் புரிந்துவிடும்: தொடை பருத்த சுன் லீக்குக் கால்தான் ஆயுதம், கழுத்தில் மண்டையோடு தொங்கும் இந்திய யோகி தால்சிம், கைகாலை நீட்டி எட்ட நின்றே அடிப்பார். (நம்மூர் யோகா ஆசிரியர்கள் மன்னிக்க!) அடிகளைத் தொடர்ந்து கோக்கும் 'காம்போ'வோ திட்டமிடாமல் முளைத்தது, உருவாக்கியவர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

ஆட்டக்காரர்களை ஆண்டுக்கணக்கில் பயிற்சியில் கட்டிப்போட்டது எது என்பதற்கு, சண்டை விளையாட்டுகளுக்கான 2004 ஈவோ போட்டியே சான்று. மூன்றாம் பாகத்தில் டைகோ உமெஹாரா ஆடிய கென் என்ற பாத்திரத்துக்கு உயிர் மயிரிழையில் ஊசலாடியது. எதிரே ஜஸ்டின் வாங் ஆடிய சுன் லீ மின்னல் வேகத்தில் உதைகளைப் பொழிந்தாள். வெறுமனே தடுத்தாலும் சாவுதான். தப்பிக்க, ஒவ்வொரு உதைக்கும் கட்டுப்பாட்டுக் குச்சியைச் சரியான கணத்தில் எதிரியை நோக்கித் தட்ட வேண்டும். டைகோ அத்தனையையும் தட்டி முறியடித்து, பதிலடியில் சுற்றையும் முடித்தார். அரங்கம் அலறியது. ஆனால், அதற்குப் பின் நடந்த இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றுப்போனார்.