கொல்லிமலைக் கோவில்காடும் மிதவை ஈயும்

சங்க இலக்கியம் பயின்றோர்க்குக் கொல்லி என்றதும் நினைவில் எழுவன மூன்று: வல்வில் ஓரி, அவனைக் கொன்று மலையைச் சேரனுக்கு அளித்த காரி, காண்போரை மயக்கிய கொல்லிப்பாவை. இம்மூன்றுக்கும் பின்னணியாகக் குறிஞ்சித் திணையெங்கும் ஒலிப்பது பூச்சிகளின் சிறகோசை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு, தேனீ என்று பூ நாடும் உயிர்களுக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில், அவற்றோடு அதே பூவில் வந்தமரும் ஓர் உயிருக்கு மட்டும் நிலைத்த பெயர் அமையவில்லை. அந்தரத்தில் அசையாது நின்று பறப்பதால் அதனை மிதவை ஈ என்று இங்கே அழைப்போம்.

தோற்றத்தில் அது தேனீ, அல்லது குளவி. மஞ்சளும் கருப்புமான பட்டைகளைக் கண்டு பறவைகள் அஞ்சி விலகும். ஆனால் கொடுக்கு இல்லை, சிறகும் இரண்டே. இவ்வேடத்தில் ஏமாந்தவர் பலர். மாட்டின் சடலத்திலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று கிரேக்கரும் ரோமானியரும் நம்பினர். வர்ஜில் தம் வேளாண் காவியத்தில் அதற்கான முறையையே விவரித்துள்ளார். அழுகிய நீர்மத்தில் வளர்ந்து வெளிவந்தவை தேனீயைப் போன்ற மிதவை ஈக்களே என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஸ்டன் சாக்கன் என்னும் பூச்சியியலார் விளக்கினார். நம் புலவர்கள் தும்பி என்று பாடியவற்றுள்ளும் சில இவ்வீக்களாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

இந்திய மிதவை ஈக்களை முறையாகத் தொகுத்தவர் என்ரிகோ புருனெட்டி. தொழிலால் இசைக்கலைஞர், கல்கத்தாவில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள்’ என்னும் வரிசையில் இக்குடும்பத்தை உள்ளடக்கிய அவருடைய தொகுதி 1923இல் வெளிவந்தது. இன்று இந்தியாவில் ஏறத்தாழ 350 இனங்களும், உலகில் 6000க்கும் மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன. பல இனங்களின் புழுக்கள் பயிரின் சாறுறிஞ்சும் அசுவினியைத் தின்று வாழ்வன. உழவனுக்குக் கூலி கேளாத காவலர்கள். வேறு சில, முதுமரங்களின் பொந்துகளில் தேங்கும் நீரிலும் மட்கிய மரத்திலும் மட்டுமே வளர்வன. அழிவின் விளிம்பில் நிற்போர் வரிசையில் இப்பின்னவை முன்னிற்கின்றன.

ஐரோப்பாவில் 2022இல் வெளியான செம்பட்டியலில், ஆராயப்பட்ட 890 இனங்களுள் 314 அச்சுறுத்தலுக்கு உள்ளானவை எனக் கண்டனர். அவற்றின் நிலைக்குச் சான்றாக ஸ்காட்லாந்தின் பைன் மிதவை ஈயைச் சொல்லலாம். மட்கிய பைன் அடிமரக் குழியில் நீர் தேங்கினால்தான் அதன் புழு பிழைக்கும். முதுமரங்கள் குறையவே, பிரிட்டனில் அது ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் சில காட்டுத் துண்டுகளுக்குள் ஒடுங்கிற்று. அடிமரங்களில் செயற்கையாகக் குழி வெட்டி, மரத்தூள் நிரப்பி, நீர் தேக்கிக் காத்தார்கள். 2019 முதல் ஹைலண்ட் வனவிலங்குப் பூங்காவில் அதனை வளர்த்து, பின்னர்க் காட்டில் விடத் தொடங்கினார்கள். இழந்த பட்டமரத்தைக் கையால் செய்து தரவேண்டிய நிலை அது.

இச்செய்திக்கும் தேவனூர் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டது. தேவனூர் நாடு அவற்றுள் ஒன்று. மலையாளி மக்கள் வாழும் இந்நாடுகளில் கோவில்காடுகள் உண்டு. தெய்வத்தின் காட்டில் மரம் வெட்டலாகாது. விழுந்த மரத்தையும் எடுக்கலாகாது என்பது தமிழகத்துக் கோவில்காடுகள் பலவற்றின் மரபு. ஸ்காட்லாந்தில் வாளும் உளியும் கொண்டு செய்ததை, இங்கே தெய்வ அச்சம் பல தலைமுறையாகத் தானே செய்துவந்துள்ளது. பட்டமரம் பட்டபடி நிற்கும். பொந்தில் மழைநீர் தேங்கும். அதில் பிறக்கவேண்டியது பிறக்கும்.

காட்டுக்கு வெளியே நிலைமை மாறிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில், சேலம் வட்டார சவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவியது. சிறுதானிய விதைகளை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் உழைத்துவருகிறது. மரவள்ளிக்கும் இடர் வந்தது: அயலிலிருந்து நுழைந்த மாவுப்பூச்சியை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைத் தருவித்து 2022இல் சேலம் மாவட்டத்தில் விடவேண்டியதாயிற்று. ஒரு பூச்சியின் மதிப்பை நாம் உணர்வதற்கு அதனைக் கடல் கடந்து கொண்டுவர நேர்ந்தது.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பூச்சிகளைக் கருதியபோதும் பெரிதும் வண்ணத்துப்பூச்சிகளையே கருதியது. மிதவை ஈக்கு இன்றுள்ள காப்பு, பெரும்பாலும் கோவில்காட்டின் மரபு ஒன்றே. பழைய மரத்தடித் தெய்வத்துக்குச் சிமெண்டுக் கூரை எழுப்புவோர், பக்தியால்தான் எழுப்புகின்றனர், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அக்கூரைக்காக ஒரு பட்டமரம் அகற்றப்படுமுன், அதுவும் கோவிலின் ஒரு பகுதியே என்று ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கொல்லியின் பழம்பாடல்களை வகுப்பில் சொல்லித்தரும் நம்மைப் போன்றோர்க்கு அது புறம்பான வேலையன்று.