இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: தொழுகை, உளூ, வீட்டு ஏற்பாடுகள்

இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இனிமேல் ஸஜ்தா செய்ய முடியுமா?" என்பதுதான். அந்தக் கவலையிலேயே வலியைத் தாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருவோம்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் பந்தும். தொடை எலும்பின் உருண்டையான தலைதான் அந்தப் பந்து. இரண்டின் மேலும் வழுவழுப்பாகப் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். மூப்பு, முடக்குவாதம், ரத்த ஓட்டம் குறைந்து பந்து நசிவது, விழுந்து எலும்பு முறிவது ஆகியவை முக்கியக் காரணங்கள். வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். அவர்கள் முழங்காலுக்கே தைலம் தடவிக்கொண்டிருப்பார்கள்.

1962-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி வகுத்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை. கெட்டுப்போன பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் உலோகத் தண்டும், அதன் மேல் உலோகம் அல்லது செராமிக் பந்தும், எதிரே புதிய கிண்ணமும் பொருத்துகிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். "பாவம், படுக்கட்டும்" என்று நாம் தடுக்கக்கூடாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கூடும்.

இந்த உறைவைத் தடுக்கச் சில வாரங்களுக்கு மருந்து தருவார்கள். அதில் ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. மாற்றாக மாத்திரைகளும் உள்ளன. மனம் ஒப்பாதவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆரம்பித்த மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதல் 6 முதல் 12 வாரங்கள்தான் முக்கியம். சுற்றியுள்ள தசைகள் ஆறும்வரை பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். பின்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது என்று சொல்வார்கள். மற்ற முறைகளில் கட்டுப்பாடு மாறும். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தரையில் உட்கார்ந்து ஸஹனில் சாப்பிடுவது, குந்தி உட்காரும் கழிப்பறை, தாழ்வான சோபா எல்லாமே இந்த விதியை மீறுபவை. உயரமான கமோடும் கைப்பிடி உள்ள நாற்காலியும் நோயாளி வீடு திரும்பும் முன்பே தயாராக இருக்கட்டும். வழுக்கும் பாய், மிதியடிகளை எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது உளூவை. குனிந்து கால் கழுவுவதும், காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைப்பதும் ஆபத்து. உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டார் ஒருவர் கால்களைக் கழுவிவிடலாம்.

இனி தொழுகை. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நிற்க முடிந்தால் நின்று ஓதிவிட்டு, நாற்காலியில் அமர்ந்து சைகையால் ஸஜ்தா செய்யலாம். ருகூவுக்குத் தலை தாழ்த்துவதை விட ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்த்த வேண்டும். ஆர்வத்தில் உடம்பையே முழங்கால்வரை வளைத்தால் அது 90 டிகிரியைத் தாண்டிவிடும். முழங்கால் இடுப்பை விட உயராதபடி நாற்காலி இருக்கட்டும். பள்ளிவாசலில் கிடக்கும் தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு உதவாது.

மூன்று மாதங்களுக்குப் பிறகு சிலருக்குத் தரையில் ஸஜ்தா செய்ய டாக்டர்கள் அனுமதி தருகிறார்கள். சிலருக்கு நாற்காலியே தொடரும். தரையில் இறங்கி எழுவதும், காலை மடித்து அத்தஹிய்யாத் இருப்பில் அமர்வதும் மூட்டைச் சோதிப்பவை. அனுமதி கிடைத்தாலும் முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பாருங்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காயத்தில் சீழ் வடிந்தாலும், திடீரென்று கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போனாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புதிய மூட்டு பெரும்பாலோருக்கு 15 முதல் 20 ஆண்டுகள், அதற்கு மேலும் உழைக்கும். உம்ராவுக்குப் புறப்படுபவர்கள் நீண்ட விமானப் பயணத்துக்கு டாக்டரின் சம்மதம் பெறுங்கள். விமான நிலையச் சோதனையில் உலோகம் சத்தமிடலாம். அதற்கு டாக்டரின் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.