கலமின்றிச் சமைத்தோர்

ஆரணி என்றவுடன் பட்டுப் புடவையே உங்கள் நினைவுக்கு வரும். அவ்வூரின் தறியோசை நாடறிந்தது. ஆனால் ஊரைச் சூழ்ந்த நெல்வயல்களிலே, அறுவடை முடிந்த நாள்களில், தறியினும் பழைமையான ஒரு கலையைக் காணலாம். இருளர் மக்கள் எலிவளைகளைத் தோண்டி, எலிகள் சேர்த்து வைத்த நெற்கதிர்களை எடுத்துக்கொள்வர். பிடித்த எலிகளை வைக்கோல் தீயில் மயிர் பொசுக்கிச் சுட்டு உண்பர். அங்கே பானையும் இல்லை; சட்டியும் இல்லை. இதனை ஏளனமாக நோக்குவோர் உளர். மாணவச் செல்வங்களே! வரலாறு இதனை எவ்வாறு நோக்குகிறது என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

மனித இனத்திற்குத் தீ முதலில் வந்தது. பானை மிகப் பிந்தி வந்தது. தென் ஆப்பிரிக்காவின் ஒண்டர்வெர்க் குகையில், ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சாம்பலும் கருகிய எலும்பும் உள்ளன என்று 2012-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதே ஆண்டில், சீனாவின் சியான்ரென்டாங் குகையில் கிடைத்த மட்கல ஓடுகள் சுமார் 20,000 ஆண்டுப் பழைமை உடையவை என்றும் அறியப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கணக்கிடுங்கள். தீயோடு வாழ்ந்த காலத்தை நூறு பங்காக்கினால், தொண்ணூற்றெட்டுப் பங்கு கலமின்றியே கழிந்திருக்கிறது!

நம் பகுதிக்கு வருவோம். திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, புதிய கற்காலத்து மட்கலங்களும் கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. காய்ந்த பயறு குழைய வேண்டுமானால் நீர் வேண்டும். நீரைத் தாங்கக் கலம் வேண்டும். எனவே உழவன் குடியிருப்பில் பானை இன்றியமையாததாயிற்று. காட்டில் உணவு தேடியவனுக்கு அது தேவைப்படவில்லை.

கலமின்றி உணவு எவ்வாறு வேகும் என்று நீங்கள் வினவலாம். கிழங்கின் தோலே அதற்குக் கலம். அதன் உள்ளிருக்கும் ஈரமே உலைநீர். தணலில் புதைத்த வள்ளிக்கிழங்கின் புறத்தோல் கரிந்தாலும், உள்ளே ஈரம் உள்ளவரை வெப்பம் 100 பாகை செல்சியசைப் பெரிதும் கடப்பதில்லை. மாவுச்சத்தோ ஏறத்தாழ 60 முதல் 80 பாகைக்குள்ளேயே குழைந்துவிடும். மெல்லிய தோலுடைய மீனுக்குப் பச்சிலையையோ களிமண்ணையோ மேற்போர்வை ஆக்குவர். கொழுந்துவிட்டெரியும் தீயில் இடாமல், சாம்பல் பூத்த தணலுக்காகக் காத்திருத்தலே இக்கலையின் நுட்பம். ஒன்றை மறவாதீர். காட்டுக் கிழங்குகளுள் சில நஞ்சுடையன. அவற்றைச் சுட்டால் மட்டும் போதாது. சீவி, ஓடும் நீரில் நெடுநேரம் ஊறவைத்தல் வேண்டும். எது உணவு, எது நஞ்சு என்னும் அறிவு தலைமுறை தலைமுறையாக வருவது. அவ்வறிவு இல்லாதார் சோதித்துப் பார்த்தல் கூடாது.

நம் முன்னோர் இக்கலையை இழிவாகக் கருதினரா? புறநானூற்றின் 150-ஆம் பாடலில் வன்பரணர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். காட்டில் பசித்துத் தளர்ந்திருந்த புலவருக்கு வேடன் ஒருவன் தீக்கடைந்து, இறைச்சியை விரைந்து சுட்டு அளித்தான், அணிகளையும் ஈந்தான், பெயரை மட்டும் கூறவில்லை. அவனே வள்ளல் நள்ளி என்று பின்னர்த் தெரிந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்பரும், பன்றி இறைச்சியை அம்பிலே கோத்துச் சுட்டு, இலைக்கலத்தில் வைத்துக் காளத்தி நாதருக்குப் படைத்தவரே. அது கண்டு சிவகோசரியார் அருவருத்தார். இறைவனோ உவந்து ஏற்றான் என்பது புராணம்.

பாட்டில் பெற்ற அம்மதிப்பை இம்மக்கள் வாழ்வில் பெற்றிலர். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காட்டில் உணவு தேடுவாரின் வழிகளைக் குறுக்கியது. இருளர் பலர் மரம் வெட்டும் இடங்களிலும் அரிசி ஆலைகளிலும் கடனுக்காகக் கொத்தடிமைகள் ஆயினர். 1976-இல் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் வட தமிழகத்தில் மீட்கப்பட்டோர் பலர். காட்டின் சிறு விளைபொருள்கள் மீது பழங்குடியினருக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றது.

சட்டம் செய்ய இயலாத ஒன்று உண்டு; அது உங்கள் கையில் இருக்கிறது. "எலி தின்னி" என்னும் ஒரு சொல்லுக்கு நாணிப் பள்ளிக்கு வராது நின்றுவிட்ட குழந்தைகளை, என் ஆசிரியப் பணியில் நான் கண்டதுண்டு. வறுமை அவர்களைத் தடுக்கவில்லை. பக்கத்து இருக்கையின் சிரிப்பே தடுத்தது. வயலை அழிக்கும் எலியைப் பிடித்து விளைச்சலைக் காப்பவரின் பிள்ளைகள் அவர்கள். மனித குலத்தின் முதற் சமையலறிவு இன்றும் அவர்கள் இல்லங்களில் உயிரோடிருக்கிறது. அத்தகைய ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிற்கு வந்தால், அருகில் இடங்கொடுத்து அமர்த்திக்கொள்ளுங்கள். வரலாறு படித்ததன் பயன் அதுவே.